அந்தத் தொப்பி யாருக்காக?

பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் போதும், மறுநாள் காலையிலேயே தொப்பி மீம்கள் வரிசை கட்டி வந்துவிடும். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. முடியாட்சி இந்தக் காலத்துக்குத் தேவையா என்பது வேறு பேச்சு. அது இருக்கிறவரை, அரச குடும்பத்துப் பெண்களுக்குப் பொது நிகழ்ச்சித் தொப்பி என்பது வேலை உடுப்பு. அவர்களுடைய வேலையில் பாதி, கண்ணுக்குத் தெரிவது. குளிரிலும் மழையிலும் மணிக்கணக்காகத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறவர், ‘நான் பார்த்துட்டேன்’ என்று வீட்டில் போய்ச் சொல்கிற மாதிரி ஒரு நொடியாவது முகம் தெரிய வேண்டும். அந்தக் கடைசி வரிசை ஆளுக்காகத்தான் தொப்பி என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் எலிசபெத் ராணியின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெரியும். அவர் உயரமானவர் இல்லை, ஐந்தடி நாலு அங்குலம்தான். கூட்டத்துக்குள் சாதாரண நிறத்தில் உடுத்தி நடந்தால் காணாமல் போய்விடுவார். அதனால் தலை முதல் முழங்கால் வரை ஒரே நிறம்: எலுமிச்சை மஞ்சள், கிளிப் பச்சை, ராணி ரோஸ். தொப்பியின் விளிம்பு பெரும்பாலும் சின்னதாக அல்லது மேல்நோக்கி மடிந்ததாக இருக்கும். அகல விளிம்பு வைத்தால் நெற்றியில் நிழல் விழும், பக்கவாட்டில் நிற்கிறவருக்கு முகம் மறையும். காற்றில் பறக்கக் கூடாது, காரில் ஏறி இறங்கும்போது தட்டவும் கூடாது. மழை வந்தால் உள்ளே இருப்பவர் முழுசாகத் தெரிகிற பிளாஸ்டிக் குடை, அதன் ஓரப் பட்டைகூட அன்றைய உடையின் நிறத்தில். இத்தனையும் யோசித்துச் செய்தவை.

அந்தத் தொப்பிகளில் எனக்குப் பிடித்தது 1977-ல் தன் ஆட்சியின் வெள்ளிவிழா நன்றி வழிபாட்டுக்கு அவர் அணிந்த ரோஜா நிறத் தொப்பி. ஃபிரெடரிக் ஃபாக்ஸ் செய்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், 1968-லிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராணிக்குத் தொப்பி செய்துகொடுத்தவர். தலையை ஒட்டி அமர்ந்த குல்லாய், பக்கத்தில் மெல்லிய காம்புகளில் துணியால் செய்த குட்டிக் குட்டி மணிப்பூக்கள், மொத்தம் 25. தலை திரும்பினால் அவை ஆடும். முகத்தை ஒரு துளிகூட மறைக்காது. அந்த உடுப்பும் தொப்பியும் வெள்ளிவிழாவுக்கென்று புதிதாகச் செய்தவை இல்லை. முந்தைய ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடக்க விழாவிலேயே அவற்றை அணிந்திருந்தார். ஒரு நல்ல தொப்பியை மறுபடி எடுத்துப் போடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

சொந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் தொப்பி போட்டதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குதிரை மேல் போகும்போதும், நாய்களோடு நடக்கும்போதும் தாடைக்குக் கீழே முடிந்த பட்டுத் துணிதான். வேலை என்றால் தொப்பி, வீடு என்றால் தலைத்துணி.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு தடவை சறுக்கியது. 1991 மே மாதம் வெள்ளை மாளிகை வரவேற்பில், உயரமான அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) பேசி முடித்த அதே மேடையில் அவர் பேச வந்தபோது, மைக்குகளுக்குப் பின்னால் தொப்பியும் கொஞ்சம் கண்ணாடியும்தான் தெரிந்தன. பேசும் தொப்பி என்று பத்திரிகைகள் எழுதின. அதே பயணத்தில் அமெரிக்கக் காங்கிரஸில் பேச எழுந்தவர், இன்றைக்காவது நான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறேன் என்று நம்புகிறேன் என்று தொடங்க, அவை எழுந்து கைதட்டியது. தெரிய வேண்டும் என்பதை அவர் எவ்வளவு முக்கியமாக நினைத்தார் என்பதற்கு எனக்கு இந்தச் சம்பவமே போதும்.

கை வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீம் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஃபெல்ட் என்கிற அழுத்திய கம்பளித் துணியையோ நாரையோ ஆவியில் காட்டி இளக்கி, மரத்தில் கடைந்த தலை அச்சின் மேல் இழுத்து, ஊசி குத்தி, காய விடுவார்கள். கோடைத் தொப்பிகளுக்கு இப்போது அதிகம் பயன்படுவது சினமாய். பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா என்ற செடியின் நாரில் நெய்தது. அபாகா வாழை இனம். நம் ஊர் வாழைமரத்தின் உறவுக்காரச் செடி. வாழைநாரில் பூக்கட்டிய நமக்கு, அதே குடும்பத்து நார் ஒரு ராணியின் தலையில் வளைந்து நிற்பதைப் பார்க்க ஒரு பரவசம் வரத்தான் செய்யும். தெருவில் எல்லாரும் தொப்பி போட்ட காலம் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தொழிலை இன்னும் உலகத்தின் கண்ணில் நிறுத்தி வைத்திருப்பதில் அரச குடும்பத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். ஃபேசினேட்டர் என்கிறார்களே, ஒரு கிளிப்பில் நாலு இறகைச் செருகிய தலையணி, அதைத் தொப்பிக்குப் பதிலாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அஸ்காட் குதிரைப் பந்தயத்தின் அரச வளாகத்தில் 2012-ல் அதைத் தடை செய்தார்கள். தலையணிக்குக் குறைந்தது நாலு அங்குல அகலத்துக்குக் கெட்டியான அடிப்பாகம் வேண்டும் என்று விதி வந்தது. நியாயமான விதி. நெதர்லாந்து ராணி மாக்ஸிமாவின் அகலத் தொப்பிகள் அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் பல சமயம் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு நேர் எதிர், ஜப்பானின் மிச்சிகோ. பேரரசியாக இருந்த காலம் முழுக்க, சிறு தட்டு போல ஒரு பக்கம் சாய்ந்த குட்டித் தொப்பிகள். அடிக்கடி குனிந்து வணங்க வேண்டிய ஒருவருக்கு, எதிரில் இருக்கும் முதியவரின் முகத்தை இடிக்காத தொப்பி. அதில் இருக்கும் பணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

2011-ல் இளவரசர் வில்லியம் திருமணத்துக்கு எலிசபெத்தின் பேத்தி பீட்ரைஸ் அணிந்த, பிலிப் டிரேசி என்ற தொப்பிக் கலைஞர் செய்த தலையணியும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக 22 வயதுப் பெண்ணை உலகமே சேர்ந்து கேலி செய்ததை எப்படி நியாயப்படுத்துவது? அவர் அதை ஏலத்தில் விட்டு, வந்த 81,000 பவுண்டுக்கும் மேலான பணத்தைக் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தார். கேலி செய்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எல்லாரும் உற்றுப் பார்க்கிற தலை என்றால் அதற்கு ஒரு பலம் உண்டு. இதில் நான் அடிக்கடி நினைப்பது அலெக்சாண்ட்ராவை, பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் ராணி. அவர் காலத்தில் தொப்பி என்றால் இறகு. அதிலும் விலை உயர்ந்தது வெண்கொக்கின் மெல்லிய இறகு. இனப்பெருக்கக் காலத்தில்தான் அது கொக்கின் முதுகில் வளரும். ஆகவே வேட்டைக்காரர்கள் கூடு கட்டும் பருவத்தில் போய்த் தாய்ப்பறவையைச் சுடுவார்கள், குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் சாகும். இதை எதிர்த்து 1889-ல் மான்செஸ்டர் பக்கம் எமிலி வில்லியம்சன் என்ற பெண் ஒரு சங்கம் தொடங்கினார். இன்று பிரிட்டனின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு அதுதான். இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்ய 1902-லேயே தடை வந்தது, ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 1906-ல் அலெக்சாண்ட்ரா அந்தச் சங்கத்துக்குத் தன் நிலையைக் கடிதமாகத் தெரிவித்தார்: அந்த இறகுகளை நான் அணிவதில்லை, இந்தக் கொடுமையைத் தடுக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. பிரிட்டனில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டமெல்லாம் 1921-ல்தான் வந்தது. ஆனால் நாகரிகத்தின் உச்சியில் இருந்த ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னது, சங்கத்தின் துண்டுப் பிரசுரங்கள் எட்டாத வீடுகளுக்கெல்லாம் எட்டியிருக்கும்.

அதனால் இன்றைய அரண்மனையிடம் ஒன்று எதிர்பார்க்கிறேன். 2019 முதல் எலிசபெத்தின் புது உடைகளில் உண்மையான விலங்கு ரோமம் சேர்ப்பதில்லை என்று அவருடைய உடைப் பொறுப்பாளர் ஆஞ்செலா கெல்லி எழுதினார். 2024-ல் இன்றைய ராணி கமிலாவும் இனி புதிதாக ரோம உடை வாங்குவதில்லை என்று உறுதி கொடுத்தார். நல்ல விஷயம். அப்புறம் தொப்பியில் இருக்கும் இறகு? எந்தப் பறவை, எங்கிருந்து வந்தது, எப்படி எடுத்தது என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உடை விவரம் சொல்லும்போதே சொல்லிவிடலாம். தொப்பி செய்தவரின் பெயரைச் சொல்கிறார்கள் அல்லவா, அதற்கு அடுத்த வரியில்.