மூளை விட்டதை மூணு நாளா பிடிச்சிருக்கீங்க

அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் சுத்திட்டுதான் இருக்கு. எதுன்னு கேக்காதீங்க, இங்க இருக்கிற பாதிப் பேர் அதுக்குச் சிரிப்பு போட்டவங்க. யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் "இப்ப வேலையா நிக்கிறன், இரவைக்கு ஆறுதலா கதைப்பம்"னு எழுதினாங்க. ராத்திரி நிதானமா பேசுவோம்னு அர்த்தம். உடனே நம்மாளு, "இங்க என்ன எழவா விழுந்திருக்கு, ஆறுதல் சொல்ல? அதுவும் கதை விட்டு?" சரி, கிண்டல். அதோட போயிருந்தா நானும் போயிருப்பேன். கீழ ஒருத்தர் வந்து "அகராதியைப் பாருங்கள். ஆறுதல் என்றால் தேறுதல். ஒரு சொல்லுக்குப் பொருள் ஒன்றுதான்"னு தீர்ப்பு எழுதிட்டுப் போனார் பாருங்க, அதுதான் பொறுக்கல.

அகராதி வேலை பாக்கிறவன் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சொல்லுக்குள்ள பொருள் பொட்டலம் கட்டி வச்சிருக்கல. பக்கத்துல நிக்கிற சொல், பேசுற ஆள், பேசுற இடம், இத்தனையும் சேர்ந்துதான் கேக்கிறவன் மண்டையில அது உருவாகுது.

அந்த ஆறுதலோட வேரையே எடுத்துக்கோங்க. ஆறு. "ஆறு ஓடுது"ன்னா தண்ணி. "ஆறு அடிச்சிருச்சு"ன்னா மணி. "காபி ஆறுது"ன்னா சூடு போகுது, "புண்ணு ஆறுது"ன்னா குணமாகுது. "ஏரி, குளம், ஆறு"ன்னு அடுக்கினா ஒண்ணு, "நாலு, அஞ்சு, ஆறு"ன்னு அடுக்கினா வேற. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு "ஆறு வந்திருச்சு"ன்னா யாரும் வெள்ளம்னு ஓட மாட்டாங்க, பையைத் தோள்ல மாட்டுவாங்க.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. பல பொருள் தர்ற ஒரே சொல்லைப் பத்தித் தொல்காப்பியத்துல கிளவியாக்கம்ங்கிற இயல்லயே இருக்கு: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே". கூட வர்ற வினை, கூட நிக்கிற இனம், பேசுற சூழல், இதை வச்சு எந்தப் பொருள்னு தெளிவாத் தெரியும்னு அர்த்தம். ஓடுது, அடிச்சிருச்சு, இதெல்லாம் வினை. ஏரி குளம், நாலு அஞ்சு, இதெல்லாம் இனம். பஸ் ஸ்டாப் சார்பு. "பொருள் ஒன்றுதான்"னு தீர்ப்புச் சொன்னவர் தன் முகப்புப் படத்துல தொல்காப்பியர் சிலையை வச்சிருக்கார்ங்கிறதை மட்டும் பணிவோட ஞாபகப்படுத்திக்கிறேன்.

இப்ப மூளைக்கு வருவோம். 1979-ல டேவிட் ஸ்வின்னிங்கிற மொழி உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை வெளியிட்டார். காதுல ஹெட்போன், கண்ணுக்கு எதிர்ல திரை. அறை மூலையில சிலந்தி, கரப்பான், மத்த 'பக்'குகள் இருந்ததா ஒரு இங்கிலீஷ் வாக்கியம் ஓடும். 'பக்'னா பூச்சி, ஒட்டுக்கேக்கிற கருவிக்கும் அதே சொல்தான். சிலந்தியும் கரப்பானும் முன்னாடியே வந்துட்டதால இங்க குழப்பமே கிடையாது. ஆனா 'பக்' காதுல விழுந்து முடியிற அதே கணத்துல திரையில ஒரு சொல்லைக் காட்டி, இது நிஜச் சொல்லா, சும்மா எழுத்துக் கோர்வையான்னு பட்டன் அமுக்கச் சொன்னாங்க. 'எறும்பு'ன்னு காட்டினாலும் சீக்கிரம் அமுக்கினாங்க, 'உளவாளி'ன்னு காட்டினாலும் சீக்கிரம் அமுக்கினாங்க. சம்பந்தமில்லாத 'தையல்'னு காட்டினாத்தான் தாமதம். அதாவது தேவையில்லாத அர்த்தமும் கூடவே எந்திரிச்சு வந்திருக்கு. அதே சொல்லை மூணு அசை தள்ளிக் காட்டினா? எறும்பு மட்டும் நிக்குது, உளவாளி போயாச்சு.

நேரம்தான் இதுல எல்லாம். வாக்கியம் முழுக்க முடிஞ்சப்புறம் சோதிச்சா அந்த உளவாளி வந்துபோன தடமே கிடைக்காது. கேட்டவங்களையே விசாரிச்சாலும் பூச்சியைத் தவிர வேற எதுவும் தோணலைன்னுதான் அடிச்சுச் சொல்வாங்க. நமக்கே தெரியாம நடந்து முடியிற வேலை இது.

அடுத்த வருஷம், 1980-ல, கூட்டாஸ், ஹில்லியார்டுன்னு ரெண்டு மூளை ஆய்வாளர்கள், வாக்கியம் படிக்கிறவங்க மண்டையில மின்முனைகளை ஒட்டிப் பாத்தாங்க. சூடான ரொட்டியில காலுறையைத் தடவினான்ங்கிற மாதிரி பொருந்தாத சொல் வந்ததும், சுமார் 400 மில்லிநொடியில மூளை அலையில ஒரு எதிர்மின் மேடு எழும்புது. பொருள் இடறுதுங்கிறதுக்கு அதான் அடையாளம்.

ஆக, "ஆறுதலா"ன்னு படிச்சதும் உங்களுக்கு எழவு வீடு கண்ணுல வந்துச்சுன்னா அது உங்க தப்பில்ல. எனக்கும்தான் வந்துச்சு. நமக்குப் பழகின அர்த்தம்தான் முதல்ல எந்திரிக்கும். ஆனா "இப்ப வேலையா நிக்கிறன்"னு முன்னாடியே இருக்கு, "இரவைக்கு"ன்னு இருக்கு. அதுக்கப்புறமும் அந்த எழவு வீட்டை விட்டு நகராம, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்புல வட்டம் போட்டு, நாலு குரூப்புக்கு அனுப்பினது மூளை இல்ல, நீங்க. ஒரு நொடி போதும் அது விட்டுட்டுப் போக. உங்களுக்கு மூணு நாளாகியும் போதல.

"எங்களுக்கு இலங்கை வழக்கு தெரியாதுங்க, தெரியாதது குத்தமா?" நியாயமான கேள்வி. தெரியாத அர்த்தத்தை எந்தச் சார்பும் கொண்டுவந்து கையில குடுக்காது, ஒத்துக்கிறேன். கண்ணசைவை அளந்து செஞ்ச ஆய்வுகளும் அதே பக்கம்தான்: வாக்கியத்துக்கு அரிதான அர்த்தம் தேவைப்படும்போது படிக்கிறவங்க கண்ணு அந்தச் சொல்லுல கொஞ்சம் கூடுதலா நிக்கும். ஆனா "ஆற அமர யோசிச்சுச் சொல்லு"ன்னு உங்க வீட்ல சொல்றதில்லையா? அதே ஆறுதல்தான் அது. நிதானமா, அவசரமில்லாம. கதைக்கிறதுன்னா பேசுறதுங்கிறதும் பரம ரகசியம் ஒண்ணும் இல்ல. தெரியலைன்னா "அப்படின்னா என்னக்கா?"ன்னு கேட்டிருக்கலாம், மூணே சொல்.

"அப்ப எந்தச் சொல்லுக்கும் எந்த அர்த்தமும் சொல்லலாமா?" இல்லைங்க. ஒரு ஊரே அப்படிப் பேசணும். அவங்க ஊர் பேசுது. முடிஞ்சுது.

"பொதுத்தமிழ் வேணாமா?" இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல. கேக்கிறவர் வீட்ல "கை நனைச்சிட்டுப் போங்க"ன்னு சொன்னா அகராதியைப் புரட்டிட்டு வாளியைத் தேடட்டும்.

அகராதின்னதும் ஞாபகம் வருது. அகராதி எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சா யாரும் அதைத் தடி மாதிரி தூக்கிக்கிட்டு வரமாட்டாங்க. முதல்ல, அந்தச் சொல் வர்ற வாக்கியங்களைக் கிடைச்ச மட்டும் திரட்டணும், ரெண்டு பக்கமும் ஏழெட்டுச் சொல் சேர்த்து. அப்புறம் பக்கத்துல என்ன வருதுன்னு பாத்துக் குவியல் குவியலாப் பிரிக்கணும். 'காபி', 'சோறு'ன்னு வர்றது ஒரு குவியல், 'புண்', 'காயம்'னு வர்றது இன்னொண்ணு. எல்லாம் பிரிச்ச பிறகுதான் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு விளக்கம் எழுதுவோம். தப்பு நடக்கிற இடமும் இதுதான். செய்தித்தாளை மட்டும் திரட்டினா வீட்டுப் பேச்சு வராது, சென்னையை மட்டும் திரட்டினா வல்வெட்டித்துறை வராது. இன்னொண்ணு, 1, 2, 3-ன்னு போடுற எண். எண் 1-ன்னா அசல் அர்த்தம், மத்ததெல்லாம் கள்ள அர்த்தம்னு நெனைக்கிறாங்க. சில அகராதி பழசுலேருந்து புதுசுக்கு வரும், சிலது அதிகமாப் புழங்குறதை முதல்ல போடும். வெறும் வரிசைங்க அது, ரேஷன் கடை வரிசை மாதிரி.

சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி (1924–1936) யாழ்ப்பாண வழக்குக்குன்னே தனிக் குறி போட்டிருக்கு. 'க்ரியா' அகராதி 'இலங்.'னு குறிக்குது. இதையெல்லாம் விடுங்க, 1842-லயே மானிப்பாயில யாழ்ப்பாண அகராதி அச்சாகியிருக்கு. அந்த ஊர்க்காரங்களைப் பாத்து "அகராதியைப் பாருங்கள்"ங்கறோம். நல்லா இருக்கு.

2017-ல வந்த ஒரு ஆய்வை மட்டும் சொல்லிடுறேன். 'பானெட்'ங்கிற சொல்லுக்கு பிரிட்டன்ல காரோட முன்மூடி முதல்ல வரும், அமெரிக்காவுல தொப்பி. பிரிட்டிஷ்காரங்களுக்கு அந்தச் சொல்லை அமெரிக்க உச்சரிப்புல கேக்க வச்சா, தொப்பின்னு எடுத்துக்கிறவங்க கூடுறாங்க. யார் பேசுறாங்கன்னு பாத்து அதுக்கேத்த அர்த்தத்தை மூளை முன்னாடி இழுத்து வைக்குது. ஒரு அந்நியன் உச்சரிப்புக்கு அவங்க செய்யிற மரியாதையை, சொந்த மொழி பேசுற அக்காவுக்கு நம்மால செய்ய முடியல. யாழ்ப்பாணத்துக்காரங்க நம்மகிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? கதைக்கிறதை பேசுறதாக்கி, பகிடியை ஜோக்காக்கி, கெதியா வரச் சொல்றதைச் சீக்கிரம் வரச் சொல்றதாக்கி, நம்ம வசதிக்கு மாத்தி மாத்திப் பேசிட்டே இருப்பாங்க. நாம ஒத்தைச் சொல்லையாவது அவங்களுக்காக மாத்தியிருக்கோமா? அன்னைக்கு அந்த அக்கா மாத்தாம எழுதிட்டாங்க, அவ்வளவுதான்.

"சும்மா ஜாலிக்குத்தானே சார்"னு இப்பவே யாரோ டைப் பண்றது தெரியுது. பண்ணுங்க. அந்த அக்கா நேத்து எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிட்டாங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா எழுதினது "நான் சொன்னது விளங்கேல்லையோ?" அதுக்குக் கீழ ஒருத்தர்: "நாங்க விளங்காம போகணுமாம்பா, சாபம் விடுறாங்க." அதுக்கும் சிரிப்பு போட்டிருந்தீங்க.