பி.காம் படிச்சவளுக்கு க்ளைமேட் கோர்ஸ்ல என்ன வேலை?

நேத்து சாயங்காலம் சித்தி பொண்ணு போன் பண்ணா. "அக்கா, நீ படிச்ச கோர்ஸுக்கே அப்ளை பண்ணலாம்னு பாத்தேன், இந்த வருஷம் டிகிரில சயின்ஸோ இன்ஜினியரிங்கோ படிச்சிருக்கணுமாம், பி.காம்னா எடுக்க மாட்டாங்களாம்"னு சொன்னா. நான் நம்பல. வெப்சைட்ல போய்ப் பாத்தா அப்படியேதான் போட்டிருக்கு. காலேஜ் பேரு இங்க வேணாம், பெங்களூர்ல க்ளைமேட் சேஞ்ச், சஸ்டெய்னபிலிட்டினு ரெண்டு வருஷ பி.ஜி. நடத்தற இடங்கள்ல ஒண்ணு. ராத்திரி மனசே ஆறல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் அல்சூர்ல பொறந்து வளந்தவ. பி.காம் முடிச்சு ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் வேலை. டிகிரில எங்களுக்கும் சுற்றுச்சூழல்னு ஒரு கட்டாய பேப்பர் இருந்துச்சு, 1991-ல சுப்ரீம் கோர்ட் எல்லாரும் இத படிக்கணும்னு சொன்னதுக்கப்புறம் வந்த பேப்பர் அது, நாங்க கைடு வாங்கி டெஃபனிஷன மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தே போயிட்டோம். 2022-ல வேலைய விட்டுட்டு இந்த கோர்ஸ்ல சேந்தப்போ வீட்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, கணக்கு படிச்சவளுக்கு மழை, காத்து, வெயில்ல என்ன வேலைன்னுதான். அவங்க கேட்டதுல தப்பில்ல. ஆனா ஒரு யுனிவர்சிட்டியே அதக் கேக்குதேன்னுதான் வயிறெரியுது.

ரெண்டாவது செமஸ்டர்ல எகனாமிக்ஸ் பேப்பர். நூறு வருஷம் கழிச்சு ஒரு கோடி ரூபா நஷ்டம் வரப்போகுது, அதத் தடுக்க இன்னிக்கு எவ்ளோ செலவு பண்றது நியாயம்? அக்கவுண்ட்ஸ் ஆளுங்களுக்கு இது வெறும் ப்ரெசென்ட் வேல்யூ கணக்கு, பின்னாடி வரப்போற பணத்துக்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு பாக்கறது. க்ளைமேட் சேஞ்சால வர்ற நஷ்டத்தப் பத்தி பிரிட்டன் அரசுக்காக 2006-ல பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் குடுத்த ரிப்போர்ட்ல, வருஷா வருஷம் மதிப்பக் கொறைக்க எடுத்துக்கிட்ட ரேட் சுமார் 1.4 பெர்சென்ட், அதுல போட்டா 25 லட்சம் கிட்ட வரும். அதே கணக்க 5 பெர்சென்ட்ல போட்டா 76 ஆயிரம் ரூபாதான். 2018-ல எகனாமிக்ஸ் நோபல் வாங்குன அமெரிக்கர் நார்டவுஸ், ஸ்டெர்னோட ரேட் ரொம்ப கம்மின்னு வாதாடுனவரு. நான் போர்டுல ரெண்டு நம்பரையும் எழுதிட்டுத் திரும்பறேன், ஃபிலாசஃபி படிச்சிட்டு வந்த பாலக்காட்டுப் பையன் எந்திரிச்சு, "இந்த ரேட்ட யார் முடிவு பண்றது? இன்னும் பொறக்காத பிள்ளைக்கு வர்ற கஷ்டம் நமக்கு வர்ற கஷ்டத்த விட சின்னதுன்னு யார் சொன்னா?"னு கேட்டான். ஆறு வருஷமா எக்செல்ல ரேட்டுக்குன்னு ஒரு செல் வெச்சு நம்பர் டைப் பண்ணிட்டே இருந்திருக்கேன், ஒரு நாளும் எனக்கு இப்படி தோணுனதில்ல. அவனுக்கோ கூட்டு வட்டி போடத் தெரியாது, அன்னிக்கு கேண்டீன்ல உக்காந்து நான்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப போட்டிருக்கற ரூல் படி அந்தப் பையனும் உள்ள வர முடியாது, நானும் வர முடியாது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், ஃபீல்டு ட்ரிப். எங்க குரூப்புக்கு குடுத்த கேள்வி ஒண்ணே ஒண்ணு, பெங்களூர்ல ஒரு வீட்டுக் குழாயத் தொறந்தா வர்ற தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகுது. வர்றது நமக்குத் தெரிஞ்சதுதான், தொரேகாடனஹள்ளி பம்பிங் ஸ்டேஷன்லேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் பண்ணி பம்ப் பண்ணி ஏத்தற காவேரி. போறது எங்கன்னு எனக்கே தெரியாது, இங்கயே பொறந்தவ. ஊருக்கு மேக்கால விடற சாக்கடை விருஷபாவதில போய், அர்க்காவதில கலந்து, சங்கமாங்கற எடத்துல திரும்ப காவேரிக்கே போகுது. கிழக்கால எங்க அல்சூர் பக்கம்னா பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா தென்பெண்ணை, அங்கேர்ந்து நேரா ஓசூர் கெலவரப்பள்ளி அணை. ரெண்டு வழியும் கடைசில தமிழ்நாட்டுக்குத்தான். 2016-ல காவேரிக்காக பஸ்ஸ எரிச்ச அன்னிக்கு நாங்க கதவ சாத்திட்டு வீட்டுக்குள்ள தமிழ்ல சத்தமா பேசக்கூட பயந்து உக்காந்திருந்தோம். அவ்ளோ சண்டைலயும் யாருக்கு எத்தன டி.எம்.சி.ங்கறதுதான் பேச்சு, போற தண்ணி எந்த லட்சணத்துல போகுதுன்னு அன்னிக்கு எங்க வீட்லயும் யாரும் பேசல.

கெலவரப்பள்ளில நாங்க போன அன்னிக்கு ஷட்டருக்குக் கீழ நுரை இடுப்பு உயரத்துக்கு நின்னுச்சு. வெள்ளை வெளேர்னு இருக்கும்னு நெனச்சேன், கிட்ட போனா ஓரமெல்லாம் பழுப்பு, காத்தடிச்சா பிச்சு பிச்சு ரோட்டுக்குப் பறக்குது, சோப்பு வாசமும் சாக்கடை வாசமும் சேந்து மூக்க அரிக்குது. கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு பாட்டில்ல புடிச்சுக்கிட்டே, துணி சோப்புத்தூள்ல அழுக்க எடுக்கற சர்ஃபேக்டண்ட்ங்கற கெமிக்கல் சரியா மக்காம வந்து, தண்ணி உயரத்துலேர்ந்து விழற எடத்துல காத்து அடைபட்டு இப்படி நுரைக்குதுன்னு விளக்குனா. லா படிச்சவன் ரெண்டு மாநிலத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல எதுக்கிட்ட மனு போடணும்னு குறிச்சிட்டிருந்தான். ரெண்டு பேருக்குமே தமிழ் தெரியாது. அணைத் தண்ணி பாயற வயல்ல நின்ன ஒரு பெரியவர்கிட்ட நான்தான் போய் பேசினேன். "எந்த ஊரும்மா?"ன்னாரு. பெங்களூர்னேன். "அப்ப இது உங்க வீட்டுத் தண்ணிதான்"னாரு. கோவமெல்லாம் இல்ல, சும்மா விவரம் சொல்ற மாதிரி சொன்னாரு. எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் அவரோட வரப்புல உக்காந்து ஒரு மணி நேரம் கணக்கு எழுதினேன், கீரை போட்ட செலவு, மார்க்கெட்ல கேக்கற வெல, இந்தத் தண்ணில வெளஞ்சதுன்னு சொன்னா எவ்ளோ கொறைக்கறாங்க, இறங்கி வேல செஞ்சா கால்ல வர்ற அரிப்புக்கு டாக்டர் செலவு எவ்ளோன்னு. எங்க ரிப்போர்ட்ல பாட்டில் ரிசல்ட் ஒரு பக்கம், இந்தக் கணக்கு நாலு பக்கம். எந்த ஒருத்தரோட பக்கத்த எடுத்துட்டாலும் மிச்சம் நிக்காது.

சும்மா எல்லாரையும் சேத்துக்கிட்டா ஆழம் போயிடும், எல்லாத்தையும் நுனிப்புல் மேயற மாதிரி ஆயிடும்னு ஒரு ப்ரொஃபசர் என்கிட்டயே சொல்லியிருக்காரு. அதுல உண்மை இருக்கு, நான் மறுக்கல. ஹவாய் தீவுல மௌனா லோவா மலைல 1958-ல கீலிங்ங்கற விஞ்ஞானி அளக்க ஆரம்பிச்சப்ப சுமார் 315 பிபிஎம் (பத்து லட்சத்துல 315 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்ப 420-ஐ தாண்டியாச்சுங்கறது எனக்கு ஒடனே புரிஞ்சுது. ஆனா அது ஒவ்வொரு தடவ இரட்டிப்பாகும்போதும் பூமில தங்கற வெப்பம் சதுர மீட்டருக்கு சுமார் 3.7 வாட் கூடுதுன்னா அதுல லாகரிதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரிஞ்சிக்க மூணு வாரம் ஆச்சு, ரூம்மேட் ஃபிசிக்ஸ்ங்கறதால தப்பிச்சேன். அதுக்கு வழி முதல் ரெண்டு மாசம் கணக்கும் அடிப்படை சயின்ஸும் ஒழுங்கா சொல்லிக் குடுக்கறது, வேணும்னா ஒரு பரீட்சை வெச்சு வடிகட்டுங்க. அதே மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்கும் ஒரு தீர்ப்ப படிக்க, ஒரு விவசாயி முன்னாடி அவசரப்படாம உக்கார சொல்லிக் குடுங்க. கர்நாடகால இருக்கற பாவகடா சோலார் பார்க் போனப்ப அவங்களுக்கு 2,050 மெகாவாட் தெரிஞ்சுது, ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபான்னு ஆரம்பிச்ச குத்தகைப் பணம் நிலம் வெச்சிருந்தவங்களுக்குப் போகுது, ஆனா அந்த நிலத்துல கூலிக்குப் போனவங்க இப்ப எங்க போறாங்கன்னு கேட்டது சோஷியல் ஒர்க் படிச்ச பொண்ணுதான். அவளும் இனிமே வர முடியாது.

இன்னிக்கு காலைல டிபார்ட்மெண்டுக்கு மெயில் போட்டுட்டேன், கெலவரப்பள்ளி ரிப்போர்ட்டையும் அட்டாச் பண்ணி, அந்த நாலு பக்கத்த எழுதுனது பி.காம் படிச்ச நான்தான்னு முதல் வரிலயே சொல்லி. என் பேட்ச் ஆளுங்க, சீனியர்ஸ், ஆர்ட்ஸ், காமர்ஸ், லா எதுலேர்ந்து வந்திருந்தாலும் நீங்களும் ஆளுக்கு ஒரு மெயில் போடுங்க. அப்ளிகேஷன் இன்னும் மூடல. சித்தி பொண்ணுகிட்ட ஃபார்ம ஃபில் பண்ணி வெச்சுக்கோன்னு சொல்லியிருக்கேன்.