பத்திரிகையை மூடச் சட்டம் எதற்கு?

“ஐரோப்பாவில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு என்ன குறை? நார்வேயைப் பார்” என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நார்வே நன்றாகவே இருக்கட்டும். நான் ஹங்கேரியைத்தான் பார்ப்பேன். ஊடகத்தை அடக்க ஆசிரியரைச் சிறையில் தள்ளவோ அச்சகத்துக்குப் பூட்டுப் போடவோ தேவையே இல்லை என்று, பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் அங்கேதான் செய்து காட்டினார்.

2010-ல் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்ததும் அவர் முதலில் கைவைத்தவற்றில் ஒன்று ஊடகச் சட்டம். புதிதாக அமைந்த ஊடகக் கவுன்சில் காகிதத்தில் தன்னாட்சி அமைப்பு. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம், பதவிக்காலம் 9 ஆண்டு. நாடாளுமன்றமே ஓர்பானின் ஃபிடெஸ் கட்சியின் கையில் இருந்தபோது யார் உள்ளே போயிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசை விமர்சித்துவந்த கிளப்ரேடியோ என்ற வானொலி நிலையம் 2021 பிப்ரவரியில் தன் அலைவரிசையை இழந்தது. ஹங்கேரிய இசை எவ்வளவு ஒலிபரப்பினீர்கள் என்ற கணக்கை ஒழுங்காக, நேரத்துக்குக் கொடுக்கவில்லையாம்! இதற்கெல்லாமா உரிமத்தை மறுப்பது என்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஹங்கேரிமீது நடவடிக்கை எடுத்தது. அது தொடங்குவதற்குள் நிலையம் இணையத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஆனால் உரிமம் சின்ன ஆயுதம்தான். பெரிய ஆயுதம் பணம்.

2016 அக்டோபர் 8. நாட்டின் பெரிய எதிர்க்குரல் நாளேடான ‘நேப்ஸபட்ஷாக்’ திடீரென்று நிறுத்தப்பட்டது. நஷ்டம் என்றார் முதலாளி. நஷ்டம் உண்மையாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் அமைச்சர் ஹெலிகாப்டரில் கல்யாணத்துக்குப் போன கதையை அந்த ஏடு வெளியிட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. அதே மாதம் அதன் தாய் நிறுவனம், லோரின்ஸ் மெசாரோஷ் என்பவரோடு தொடர்புள்ள நிறுவனத்துக்குக் கைமாறியது. மெசாரோஷ் யார்? ஓர்பானின் சொந்த ஊர்க்காரர், சிறுவயது நண்பர். எரிவாயுக் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஓர்பான் ஆட்சியில் நாட்டின் பெரும் பணக்காரர் ஆனார்.

‘நேப்ஸபட்ஷாக்’ இடதுசாரிப் பத்திரிகை என்பதால் அடித்தார்கள் என்று நினைத்தால் அடுத்த கதையைக் கேளுங்கள். 1938-ல் தொடங்கிய ‘மக்யார் நெம்செட்’ பழைமைவாத ஏடு. அதன் முதலாளி சிமிச்கா ஓர்பானின் பழைய கூட்டாளி. 2015-ல் இருவருக்கும் முட்டிக்கொண்டது. அரசு விளம்பரம் வற்றியது. 2018 ஏப்ரல் 8-ல் ஓர்பான் மறுபடி ஜெயித்தார், மூன்றே நாளில் ஏடு நின்றது. அடுத்த ஆண்டு ஓர் அரசு ஆதரவு நாளேடு அந்தப் பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டது! கொள்கைச் சண்டை என்று இதை எப்படிச் சொல்வது?

2018 நவம்பரில் நடந்ததுதான் உச்சம். அரசுக்கு நெருக்கமான முதலாளிகள் தங்கள் தொலைக்காட்சி, வானொலி, பத்திரிகை, இணையதளங்கள் என 400-க்கும் மேற்பட்டவற்றை ஒரே அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்தார்கள். தானம்! இத்தனை ஊடகம் ஒரே கையில் சேரலாமா என்று போட்டி ஆணையம் கேட்க வேண்டிய இடத்தில், இது ‘தேசிய முக்கியத்துவம்’ வாய்ந்தது என்று அரசு ஆணை போட்டு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. 2020-ல் ‘இண்டெக்ஸ்’ செய்தி இணையதளத்தின் ஆசிரியரை நீக்கியபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறி ‘டெலெக்ஸ்’ என்ற புதிய தளத்தைத் தொடங்கினார்கள். வாசகர் கொடுத்த காசில் அது நின்றது.

போலந்து எனக்கு இன்னும் சங்கடமான கதை. முந்தைய ஆட்சி அரசுத் தொலைக்காட்சியைக் கட்சிப் பிரசார மேடையாக்கி வைத்திருந்தது, அதில் சந்தேகமில்லை. 2023 டிசம்பரில் பிரதமர் டொனால்ட் டஸ்க்கின் புதிய அரசு பதவியேற்ற ஒரே வாரத்தில் அதன் நிர்வாகத்தை நீக்கியது, செய்தி அலைவரிசையின் ஒளிபரப்பை நிறுத்தியது. நிதிக்கு அதிபர் முட்டுக்கட்டை போட்டதும் நிறுவனத்தையே கலைப்பு நடவடிக்கைக்குள் தள்ளியது. நாற்றம் போனது என்று பலர் கைதட்டினார்கள். அங்குள்ள ஹெல்சின்கி மனித உரிமை அமைப்பு, முன்பு அந்தப் பிரசாரத்தைக் கண்டித்த அமைப்புதான், இந்த வழிமுறை சட்டப்படி சரிதானா என்று கேட்டது. நான் அந்தக் கேள்வியின் பக்கம். நல்லவர்கள் என்று நாம் நம்பும் ஆட்சி ஒரே வாரத்தில் மாற்ற முடிகிற ஒன்றை, அடுத்து வருபவரும் ஒரே வாரத்தில் மாற்றலாம் அல்லவா?

இதற்கெல்லாம் மருந்தாக ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடகச் சுதந்திரச் சட்டம் 2024-ல் வந்தது, 2025 ஆகஸ்ட் 8 முதல் பெரும்பகுதி நடைமுறையில். உறுப்பு நாடுகளின் கவுன்சிலில் எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு எது என்று ஊகித்திருப்பீர்கள்: ஹங்கேரி. முதலாளி யார் என்று வெளியில் சொல்ல வேண்டும், பொது ஊடகத் தலைவர்களை வெளிப்படையான முறையில் நியமிக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எல்லோரும் பேசுவது பத்திரிகையாளர் கைபேசியில் உளவு மென்பொருள் வைப்பதைக் கட்டுப்படுத்தும் பிரிவைப் பற்றித்தான். கிரேக்கத்தில் பத்திரிகையாளர் கைபேசியில் அப்படி உளவு மென்பொருள் புகுந்ததைப் பார்த்தால் அதுவும் தேவைதான். ஆனால் நான் முதலில் புரட்டுவது, அரசு விளம்பரப் பணம் யாருக்கு எவ்வளவு போனது என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லும் பிரிவை. அந்தப் பட்டியல் 2015-லேயே புடாபெஸ்டில் கட்டாயமாக இருந்திருந்தால், சிமிச்காவோடு சண்டை வந்த பிறகு ‘மக்யார் நெம்செட்’டுக்கு எத்தனை விளம்பரம் குறைந்தது என்பதை எவரும் ஒரே பக்கத்தில் படித்திருக்கலாம்.