ஜெரி கர்ல் திரும்பி வரட்டும், காசு யார் கைக்குப் போகும்?

எண்பதுகளில் கறுப்பின அமெரிக்கர்களின் தலையில் ஈரம் சொட்டச் சொட்டப் பளபளத்த ஜெரி கர்ல் என்ற சுருட்டை முடி அலங்காரம் மறுபடி வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை இப்படிக் கிளம்பும், எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம் அடங்கிவிடும். இந்த முறை அவ்வளவு சீக்கிரம் அடங்காது என்று தோன்றுகிறது. ரசாயனம் போட்டு முடியைச் சுருட்டும் பெர்ம் என்றாலே பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த வயதுப் பையன்கள் இப்போது காசு கொடுத்து சலூனில் உட்கார்ந்து முடியைச் சுருட்டிக்கொள்கிறார்கள். தொளதொள பேன்ட் வந்துவிட்டது, கேசட் வந்துவிட்டது, ஃபிலிம் கேமராகூட வந்துவிட்டது. இது மட்டும் ஏன் வராமல் இருக்க வேண்டும்?

வரட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அழகா அசிங்கமா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த முடிக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரக் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பெயரைச் சொன்னால் தெரியாதவர்களுக்கும் பார்த்தால் தெரியும். 1982ல் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்தின் அட்டையில் மைக்கேல் ஜாக்சன் தலையில் இருப்பது இதுதான். அந்தப் படம் நம்மூர் முடிவெட்டும் கடைச் சுவர்களில்கூடத் தொங்கியது. அது பிறவிச் சுருட்டை என்றே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம். காதல் பாட்டு பாடிய லயனல் ரிச்சியும் வைத்திருந்தார். காம்ப்டன் தெருக்களின் கோபத்தைப் பாடிய ராப் பாடகர்கள் ஈஸி-ஈயும் ஐஸ் க்யூபும்கூட ஆரம்பத்தில் இதே முடியோடுதான் நின்றார்கள். இவ்வளவு வேறுபட்ட ஆட்களுக்கு ஒரே தலையலங்காரம் பொருந்தியது என்பதே அது எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குச் சாட்சி.

செய்முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிண்டல் பண்ணுகிற பலருக்கு அதன் பாடு தெரியாது. கறுப்பின மக்களின் முடி பெரும்பாலும் இறுக்கமான நுண்சுருள். அதைப் பெரிய, தளர்ந்த, தொங்குகிற சுருளாக மாற்றுவதுதான் ஜெரி கர்ல். ஒரே அடியில் மாற்ற முடியாது, இரண்டு கட்டமாகத்தான் போக வேண்டும். முதலில் அமோனியம் தயோகிளைகோலேட் கலந்த கிரீமைப் பூசி, முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, இருக்கிற சுருளைத் தளர்த்துவார்கள். நாற்றம் கடை வாசல் வரை வரும். அலசிவிட்டு, முடியைச் சிறு சிறு பிரிவாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் குச்சியில் சுற்றுவார்கள். சுற்றும்போது அதே ரசாயனத்தின் வீரியம் குறைந்த வடிவம். கடைசியில் நியூட்ரலைஸர் ஊற்றினால் உடைந்த பிணைப்புகள் புதிய வடிவத்தில் மறுபடி பிணைந்துகொள்ளும். மொத்தத்தில் பல மணி நேர வேலை. கை பழகாதவர் செய்தால் முடி கையோடு வரும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. இத்தனை ரசாயனம் பட்ட முடி சீக்கிரம் வறண்டுபோகும். அதனால் கிளிசரின் கலந்த ஆக்டிவேட்டரைத் தினமும் தெளிக்க வேண்டும். ராத்திரி பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சட்டைக் காலர், தலையணை உறை, கார் சீட்டு எல்லாவற்றிலும் கறை. சில மாதங்களில் வேரில் பழைய முடி இறுக்கமாக வளர்ந்து வரும், மறுபடி சலூனுக்கு ஓட வேண்டும்.

கிண்டல் முழுக்க இந்தக் கறையிலிருந்து பிறந்ததுதான். 1988ல் எடி மர்ஃபி நடித்த 'கமிங் டு அமெரிக்கா' படத்தில் சோல் க்ளோ என்று ஜெரி கர்ல் பொருள் விற்கும் ஒரு கற்பனை நிறுவனம் வரும். அதை நடத்தும் குடும்பம் சோபாவிலிருந்து எழுந்தால் தலை சாய்ந்த இடங்களில் எண்ணெய்க் கறை. நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அது கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே அடித்துக்கொண்ட ஜோக், அதில் பாசமும் இருந்தது. வெளியிலிருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது கசந்துபோனது. ஜெரி கர்ல் என்றால் படிக்காதவன், ஏழை, நாகரிகம் தெரியாதவன் என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. 1984 ஜனவரியில் பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில் வாணவேடிக்கை முன்கூட்டியே வெடித்து மைக்கேல் ஜாக்சனின் தலை தீப்பிடித்தது. அவருக்கு உச்சந்தலையில் தீக்காயம். அதற்கும் தலையில் தடவியதுதான் காரணம் என்று ஜோக் அடித்தார்கள். கொஞ்சம் கொடூரமான நகைச்சுவை என்றுதான் சொல்வேன்.

அந்த முடியை மக்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய தலைமுறை ஆண்கள் காஸ்டிக் சோடா கலவையைத் தலையில் பூசி, மண்டை எரிய எரிய முடியை நேராக்கினார்கள். பெண்களுக்குச் சூடு போட்ட இரும்புச் சீப்பு. அறுபதுகளின் கடைசியில், பிறவிச் சுருளை அப்படியே பந்துபோல வளர்க்கும் ஆஃப்ரோ வந்து இதையெல்லாம் தூக்கி எறிந்தது, ஆனால் ஆஃப்ரோவோடு வேலை கேட்டுப் போனால் வெள்ளைக்கார மேலாளர் முகம் சுளிப்பார். ஜெரி கர்ல் இரண்டுக்கும் நடுவில் வந்தது. சுருள் போகவில்லை, அதே சமயம் யாரையும் பயமுறுத்தவும் இல்லை. தலைக்குக் குளித்துவிட்டுச் சீப்பே இல்லாமல் கிளம்பலாம். ரசாயனத்தில் செய்த முடியை 'இயற்கைத் தோற்றம்' என்று விற்றதில் ஒரு ஏமாற்று இருக்கிறதுதான். ஆனாலும் அன்றைக்கு அது ஒரு விடுதலையாகத் தெரிந்திருக்கும்.

சரி, காசுக் கதைக்கு வருகிறேன். பெயர் ஜெரி ரெடிங் என்ற வெள்ளை அமெரிக்கருடையது. ரெட்கென், நெக்ஸஸ் போன்ற முடிப் பராமரிப்புப் பொருள் நிறுவனங்களைத் தொடங்கியவர். ஆனால் இந்த முடியைக் கறுப்பின மக்களிடம் கொண்டுபோனதும் அதில் சம்பாதித்ததும் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலதிபர்கள். சான் டியேகோவில் வில்லி மாரோ என்று ஒரு முடிதிருத்துபவர் இருந்தார். ஆஃப்ரோ சீப்பைப் பரப்பியவர், அமெரிக்க ராணுவத்தின் முடிதிருத்துபவர்களுக்குக் கறுப்பின முடியைக் கையாளக் கற்றுக்கொடுத்தவர். எழுபதுகளில் 'கலிஃபோர்னியா கர்ல்' என்று தனக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் சலூனில் இதைச் செய்துகொள்ள நூற்றுக்கணக்கான டாலர் ஆகும்.

கோமர் காட்ரெல் உள்ளே வருவது இங்கேதான். 1970ல் லாஸ் ஏஞ்சல்ஸில் சில நூறு டாலரோடு ப்ரோ-லைன் கம்பெனியைத் தொடங்கியவர். வீட்டிலேயே செய்துகொள்ளும் 'கர்லி கிட்' பெட்டியைச் சுமார் 8 டாலருக்குக் கொண்டுவந்தார். கறுப்பின அழகுப் பொருள் சந்தையில் அதுவரை வந்த தனிப்பொருள்களில் மிகப்பெரியது என்று 1981ல் ஃபோர்ப்ஸ் எழுதியது. பேருந்து ஓட்டுபவரும் பள்ளிக்கூடப் பையனும் மைக்கேல் ஜாக்சன் முடி வைத்துக்கொள்ள முடிந்தது இந்தப் பெட்டியால்தான். சம்பாதித்ததில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். மூடிக்கிடந்த பிஷப் கல்லூரியின் வளாகத்தை டாலஸில் வாங்கினார். பால் குவின் என்ற கறுப்பினக் கல்லூரி அங்கே குடியேறி இன்றும் அங்கேதான் நடக்கிறது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியை ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கூட்டணி 1989ல் வாங்கியபோது அதில் காட்ரெலுக்கும் ஒரு பங்கு இருந்தது.

எனக்கு இன்னும் பிடித்தது சிகாகோ கதை. சாஃப்ட் ஷீன் நிறுவனத்தின் எட்வர்ட் கார்ட்னர், 'கேர் ஃப்ரீ கர்ல்' என்ற ஜெரி கர்ல் பொருட்களை விற்றவர். 1982ல் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஒரு பெரும் பிரச்சாரம் நடந்தது. தன் கம்பெனியின் விளம்பரப் பிரிவையும் பணத்தையும் அதற்கு இறக்கிவிட்டார் கார்ட்னர். அப்படிச் சேர்ந்த வாக்குகளின் பலத்தில்தான் அடுத்த வருடம் ஹெரால்ட் வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். சோபாவில் கறை பண்ணிய அதே ஜெரி கர்ல் பாட்டிலின் காசுதான் இது. சிரித்த யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் காசை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1986ல் ரெவ்லான் என்ற பெரிய அழகுப் பொருள் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் நியூஸ்வீக் பத்திரிகையிடம், கறுப்பின நிறுவனங்கள் சீக்கிரமே காணாமல் போய்விடும், எல்லாம் வெள்ளையர் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டுவிடும் என்று சொன்னார். பெரிய கொந்தளிப்பு. கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் அமைப்பு ரெவ்லானைப் புறக்கணிக்கச் சொல்லிப் போராடியது. திமிர்ப் பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னது பெருமளவு நடந்துவிட்டது. ஆஃப்ரோ காலத்து ஜாம்பவானான ஜான்சன் ப்ராடக்ட்ஸ் 1993ல் கைமாறியது. சாஃப்ட் ஷீனை 1998ல் லோரியால் வாங்கியது. ப்ரோ-லைன் 2000ல் ஆல்பெர்ட்டோ கல்வருக்குப் போனது. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெரிய கம்பெனியோடு கடை அலமாரியில் இடத்துக்கு மல்லுக்கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு ஜெரி கர்ல் திரும்பி வந்தால், பாட்டில் காசில் பெரும்பங்கு இந்த முறை சிகாகோவில் எந்தத் தேர்தலுக்கும் போகாது.

எண்பதுகளின் இறுதியில் இந்த மோகம் வடிந்தது. ஆண்கள் பக்கவாட்டில் மழித்து மேலே தூக்கி வெட்டிக்கொண்டார்கள். பெண்கள் முடியை நேராக்கும் ரிலாக்ஸருக்கும் ஒட்டுமுடிக்கும் போனார்கள். ஒட்டுமுடி என்றதும் நம் பக்கத்துக்கு ஒரு கோடு வருகிறது. திருப்பதியிலும் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் மொட்டை போட்டு விழுந்த முடி ஏலம் போய், சுத்தம் செய்யப்பட்டு, விக்காகவும், சொந்த முடியோடு சேர்த்துத் தைக்கும் வீவாகவும் அமெரிக்க அழகுப் பொருள் கடைகளுக்குப் போகிறது. முடி கொடுத்த பக்தருக்குப் புண்ணியம், மிச்சமெல்லாம் மற்றவர்களுக்கு.

உடம்புக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 33,000க்கும் அதிகமான பெண்களைப் பின்தொடர்ந்து 2022ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. முடியை நேராக்கும் பொருட்களை வருடத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அதே ஆய்வில் பெர்முக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு செய்துகொள்ளலாம் என்று அர்த்தமில்லை. தயோகிளைகோலேட் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். ஏற்கெனவே காஸ்டிக் சோடா ரிலாக்ஸர் போட்ட முடியில் இதைப் போட்டால் முடி ஒடிந்து கொட்டும். ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நம்மில் யாரும் இதை அமெரிக்கக் கூத்து என்று ஒதுக்கவும் வேண்டாம். சென்னையில் ரீபாண்டிங் என்று செய்துகொள்வதிலும் வழக்கமாக இருப்பது இதே தயோகிளைகோலேட்தான். அங்கே சுருளைத் தளர்த்தியது, இங்கே சுருளையே ஒழிக்கிறது. பரட்டை, தேங்காய் நார் என்று கேட்டு வளர்ந்த சுருட்டைமுடிக்காரி என்ற முறையில் எனக்கு எந்தப் பக்கம் பாசம் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த வடிவில் திரும்பி வரும் என்பதில் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெண்களிடம் விக்காக வரும், வேண்டும்போது மாட்டிக் கழற்றிக்கொள்ளலாம். ஆண்களிடம் பக்கவாட்டில் குட்டையாக வெட்டி, மேலே மட்டும் சுருட்டி, சொட்டாத ஜெல்லோடு வரும். நான் ஆசைப்படுவது இன்னொன்று. காட்ரெலின் 8 டாலர் பெட்டி அன்றைக்கு ஏழைக்குக் கிடைத்த நியாயம். ஆனால் அதே பெட்டி, குச்சி சுற்றிப் பிழைத்த சலூன்காரரின் வாடிக்கையையும் வீட்டுக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டது. இப்போது பெட்டியில் வருகிற லாபம் எங்கோ போகிறது என்றால், பெட்டியை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்காருங்கள். தெருமுனை சலூன் இன்னும் அந்த ஊர்க்காரர்களுடையதுதான். அரை நாள் நின்று சுற்றுகிறவருக்குக் கூலியையும் டிப்ஸையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.