மொரிட்டானியாவுக்கு வழிகாட்டி கட்டாயமா?
மேற்கு ஆப்பிரிக்காவின் பாலைவன நாடான மொரிட்டானியாவில் வழிகாட்டி இல்லாமல் நகரவே முடியாது என்று ஒரு பயணக் கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. அந்தக் கட்டுப்பாடு அல்ஜீரியாவின் தென்பகுதிக்குத்தான். ஜானெத், தமன்ராசெத் பக்கம் போக உள்ளூர்ச் சுற்றுலா முகவர் வேண்டும். மொரிட்டானியாவில் நான் தனியாகவே தலைநகர் நுவாக்சொட்டிலிருந்து அதார் என்ற ஊருக்குப் போனேன். 400 கிலோமீட்டருக்கு மேல், முழுக்கத் தார்ச்சாலை. பங்கு டாக்சியில் பின்சீட்டில் நாலு பேர், முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு பேர். வண்டி நிறையும்வரை கிளம்ப மாட்டார்கள்; இரண்டாம் முறை புத்தி வந்து இரண்டு இருக்கைக்குக் காசு கொடுத்துவிட்டேன். கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் 'ஃபிஷ்' (fiche என்ற பிரெஞ்சுச் சொல்). பாஸ்போர்ட் விவரம் உள்ள காகிதம்தான். வழியில் சோதனைச் சாவடிக்குச் சாவடி ஒன்று கேட்பார்கள். முப்பது நகல் எடுத்துப் போயிருந்தேன், திரும்பும்போது நாலைந்துதான் மிச்சம். கொடுத்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை, ஒரு காவலர் தேநீரே கொடுத்தார். அதாரிலிருந்து ஷிங்கெட்டி என்ற பழைய பாலைவன ஊர் சுமார் 80 கிலோமீட்டர், அதற்கும் பங்கு வண்டி உண்டு. ஆனால் அங்கிருந்து மணல்மேடுகளுக்குள் நடக்க வேண்டுமென்றால் கட்டாயம் உள்ளூர் ஆளோடு போங்கள், அதில் கட்டுரையாளர் சொல்வது சரி. பணத்தைப் பொறுத்தவரை, யூரோ நோட்டாகவே கொண்டு போங்கள், ஏடிஎம்மை நம்ப வேண்டாம். 2018-இல் அந்நாட்டு நாணயமான உகியாவில் ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டாலும் (பழைய பத்து, புதிய ஒன்று) பலர் இன்னும் பழைய கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். பழையதா புதியதா என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். நான் முதல் நாள் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு விலை கேட்டு வாயடைத்து நின்றேன்.