சால்வையை நீங்களே வெச்சுக்கோங்க, என் டைமைக் குடுங்க

ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு மலை ஏற்ற சைக்கிள் போட்டி. நானும் ஓட்டினேன். முடிஞ்சதும் கோத்தகிரி மேடையில எங்களுக்குச் சால்வை போத்தினதை எல்லாரும் வீடியோவுல பாத்தாச்சு. பாதிப்பேர் அதை எனக்கே ஃபார்வர்ட் பண்ணிட்டீங்க, கூடவே ஒரு கும்பிடு பொம்மை. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு இருந்தேன். ஆறல.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். என் டைம் எங்க?

மேட்டுப்பாளையத்துல காலையில என் சைக்கிள் சீட்டுக்குக் கீழ கட்டின, நேரம் பதியற சிப்பும், பக்கத்துல நின்ன காலேஜ் பையனுக்குக் கட்டின சிப்பும் ஒண்ணுதான். கோத்தகிரியில கோட்டைத் தாண்டும்போது கீழ போட்டிருந்த மேட் 'பீப்'னு கத்தினதை என் காதால கேட்டேன். என்ட்ரி ஃபீஸும் அதே ஃபீஸ், சீனியர் சிட்டிசன் சலுகையெல்லாம் கிடையாது. ஆனா ராத்திரி குரூப்புல வந்த ரிசல்ட் ஷீட்டுல, 60 தாண்டின எங்க அஞ்சு பேருக்கும் டைம் போடற கட்டத்துல ஒரு கோடு. பக்கத்துல 'சிறப்புப் பங்கேற்பாளர்'. மத்த எல்லாருக்கும் விநாடி வரைக்கும் இருக்கு. பாதி வழியில பஞ்சராகி வேன்ல ஏறினவருக்குக்கூட 'முடிக்கவில்லை'ன்னு ஒரு முடிவு இருக்கு. நாங்க முடிச்சோமா, வழியில டீ குடிச்சுட்டு பஸ் ஏறி வந்தோமான்னு அந்த ஷீட்டைப் பாத்தா யாருக்கும் தெரியாது.

மேடையிலயும் அதே கதைதான். அஞ்சு பேரையும் ஒண்ணா ஏத்தி, கொலு பொம்மை மாதிரி நிக்க வெச்சு, ஒரே கலர்ல சால்வை. "இந்த வயசுலயும் மலை ஏறி வந்திருக்காங்க நம்ம தாத்தாக்கள், ஜோரா ஒரு கைதட்டல்!"னு மைக் பிடிச்ச தம்பி. அஞ்சு பேர்ல யார் முதல்ல வந்தது? யாருக்கும் அக்கறை இல்ல. என் பக்கத்துல நின்னவருக்கு வயசு 71. காதுல மெதுவா கேட்டாரு, "ஏனுங்க, நம்மளுக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணி வெக்கறாங்களா? எனக்கு ஏற்கனவே ஆயிருச்சுங்களே." மேடையில நான் சிரிச்சது அதுக்குத்தான். 'ஐயா முகத்துல எவ்வளவு சந்தோஷம்'னு கமெண்ட் போட்டவங்க தெரிஞ்சுக்கோங்க.

நான் பஸ் கண்டக்டரா இருந்தவன்னு பழைய நண்பர்களுக்குத் தெரியும். இந்த மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ரோட்டைப் பாதி ஆயுசு நின்னுக்கிட்டே ஏறி இறங்கினவன். ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழைஞ்சதும் டைம் கீப்பர்கிட்ட ஓடணும். லேட்டுன்னா லேட்டுன்னு எழுதுவாரு. குஞ்சப்பனையில யானை நின்னுச்சுங்கன்னு சொன்னாலும் முதல்ல நேரத்தை எழுதிட்டுத்தான் காரணத்தைக் கேப்பாரு. (பலாப்பழ சீசன்ல அங்க யானை நிக்கறது பொய்யும் இல்ல.) ரிட்டயர் ஆகப்போற டிரைவர் ஓட்டிட்டு வந்தாரேன்னு ஷீட்டுல கோடு போட்டுட்டு அவருக்குச் சால்வை போத்தின டைம் கீப்பரை நான் பாத்ததில்ல.

அவ்வளவு ஏன், பொங்கல் விளையாட்டுல ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்போமே. மெதுவா ஓட்டறதுக்கே போட்டி வெச்சு, கடைசியா வந்தவனை ஜெயிச்சவன்னு அறிவிச்சு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் குடுத்த ஊர் நம்ம ஊர். அதுல கூட யார் எத்தனாவதுன்னு மைக்ல சொல்லுவாங்க.

இப்ப வரிசையா வருவீங்க. "மரியாதைதானே பண்ணினாங்க, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" மரியாதை வேண்டாம்னு சொல்லல. போட்டிக்கு வந்தவனுக்கு மரியாதை அவன் டைம்தான். நான் பதினேழாவதா வந்திருந்தா பதினேழாவது, நூத்திப்பத்தாவதா வந்திருந்தா அதையே போடுங்க. கடைசின்னா கடைசின்னு போடுங்க. கோடு மட்டும் போடாதீங்க.

"உங்க வாட்ச்லயே டைம் இருக்குமே"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு. இருக்கு. நானே எழுதிக்கிட்ட டிரிப் ஷீட்டை எந்த டெப்போல ஒத்துக்குவாங்க?

"அறுபது தாண்டினவங்க அஞ்சே பேர், அதுக்கு ஒரு பிரிவா?" இது நடத்தினவங்க தரப்புல இருந்து வந்த பதில். ஃபிரான்ஸ்ல ரொபேர் மார்ஷான்னு ஒருத்தர் இருந்தாரு, 1911ல பிறந்தவர். இளமையில போட்டி ஓட்டினவர், அப்புறம் விட்டுட்டு, ரிட்டயர் ஆகற வயசுலதான் திரும்ப சைக்கிளுக்கு வந்தாரு. 2012ல, 100 வயசுல, சுவிட்சர்லாந்து டிராக்ல ஒரு மணி நேரத்துக்கு 24.25 கிலோமீட்டர் ஓட்டினாரு. 2014ல, 102 வயசுல, 26.927 கிலோமீட்டர். கூடியிருக்கு, கவனிங்க. நடுவுல வெரோனிக் பில்லாங்கிற பேராசிரியை அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் குடுத்தாங்க. பெரும்பகுதி இலகுவான ஓட்டம், கொஞ்சம் மட்டும் மூச்சு முட்ட. அந்தக் காலத்துல அவர் உடம்பு உச்சத்துல பயன்படுத்தற ஆக்சிஜன், எடையில கிலோவுக்கு நிமிஷத்துக்கு 31 மில்லிலிட்டர்ல இருந்து 35 ஆச்சு. நூறு வயசு தாண்டினப்புறம்! 2017ல, 105 வயசுல, மறுபடி ஓட்டினாரு. 22.547 கிலோமீட்டர். குறைஞ்சிருச்சு. குறைஞ்சதையும் மீட்டர் சுத்தமா எழுதினாங்க. இறங்கினதும் அவர் சொன்னது என்ன தெரியுமா? இன்னும் பத்து நிமிஷம்தான்னு காட்டின பலகையைக் கவனிக்கல, கவனிச்சிருந்தா இன்னும் வேகமா ஓட்டியிருப்பேன்னு. 105 வயசுல தன் டைம் மேல அந்த மனுஷனுக்குத் திருப்தி இல்ல. அதுதான் போட்டியாளன். அவர் ஒரே ஒரு ஆளுக்காக சர்வதேச சைக்கிள் சங்கம் 105 தாண்டினவங்களுக்குன்னு புதுசா ஒரு பிரிவே திறந்துச்சு. நாங்க அஞ்சு பேர் இருந்தோம்.

ரெண்டாவது பதில் இன்னும் நல்லா இருந்துச்சு. 'போட்டி அழுத்தம் மூத்தவர்களின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல.' அடடா. முந்நூத்துச் சொச்சம் மீட்டர் உயரத்துல இருக்கற மேட்டுப்பாளையத்துல இருந்து 1,800 மீட்டர் பக்கம் இருக்கற கோத்தகிரிக்கு என்னை மிதிக்க விட்டாச்சு. மேல போகப்போக காத்துல ஆக்சிஜன் மெலிசாகுது. அதெல்லாம் உடம்புக்கு ஒத்துக்கும். மேல வந்தப்புறம் பேப்பர்ல டைம் எழுதினா மட்டும் ஒத்துக்காதா? நீங்க கோடு போட்டதால என் இதயத்துடிப்பு குறைஞ்சிருச்சா?

வயசானா குறையுதுதான், யார் இல்லைன்னா? 220ல வயசைக் கழிச்சாத் துடிப்போட உச்சம்னு ஜிம்முல சுவத்துல எழுதி வெச்சிருப்பாங்க, அது தோராயக் கணக்கு. ஆனா உச்சம் வருஷா வருஷம் இறங்கறது நிஜம். ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தா ஆக்சிஜன் திறன் பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம் போகுது, விடாம உழைக்கறவங்களுக்கு அதைவிடக் குறைவாப் போகுது. வேகத்தைக் குடுக்கற தசை நார் முதல்ல கரையுது, அதுக்குத்தான் வாரம் ரெண்டு தடவை எடை தூக்கறேன். முன்னாடியெல்லாம் கடுமையா ஏறினா மறுநாளே தயார். இப்போ ரெண்டு நாள் கால் கனக்குது, அந்த ரெண்டு நாளும் பொறுமையா இலகுவா மிதிக்கத் தெரியணும். ஏத்தத்துல இலகுவா மிதிக்க பின்னாடி 34 பல் சக்கரம் மாட்டியிருக்கேன், அதுல வெட்கமே இல்ல. ரொம்ப வருஷம் கடுமையா ஓட்டறவங்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பற ஆபத்து கொஞ்சம் கூடுதல்னும் தெரியும். டாக்டரைப் பாக்கறேன், டிரெட்மில் டெஸ்ட் எடுக்கறேன். அது எனக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சு, மைக் பிடிச்சவருக்கு அதுல வேலை இல்ல.

2018ல இங்கிலாந்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. 55ல இருந்து 79 வயசு வரைக்கும் 125 சைக்கிள்காரங்க. அவங்கள்ல நிறையப் பேருக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் உற்பத்தி இளவட்டங்களுக்குச் சமமா இருந்துச்சுன்னு எழுதினாங்க. எனக்குப் பிடிச்சது அது இல்ல. அந்த ஆய்வுல சேரணும்னா ஆம்பளைங்க 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், பொம்பளைங்க 60 கிலோமீட்டரை அஞ்சரை மணி நேரத்துக்குள்ள. 79 வயசுக்காரர்கிட்டயும் முதல்ல டைம்தான் கேட்டிருக்காங்க. நம்ம பசங்க ஓட்டற பிஆர்எம்ல, அதான் கெடு வெச்சு ஓட்டற நீண்ட தூர சைக்கிள் ஓட்டத்துல, மட்டும் என்ன? 200 கிலோமீட்டருக்குப் பதிமூணரை மணி நேரம்னா இருபது வயசுக்கும் எழுபது வயசுக்கும் அதே கெடுதான். ஃபிரான்ஸ்ல ஜானி லோங்கோ 2011ல, 52 வயசுல, தன்னைவிடப் பாதி வயசுப் பொண்ணுங்களோட ஓட்டி தேசிய டைம் டிரையல் (ஒவ்வொருத்தரா கடிகாரத்தோட போட்டி போடறது) பட்டத்தை எடுத்தாங்க. (அவங்களைச் சுத்தி சர்ச்சையும் உண்டு. அதை இழுத்துட்டு வராதீங்க, வேற நாள் பேசலாம்.)

"இந்த வயசுல போட்டி எதுக்கு, சும்மா சந்தோஷத்துக்கு ஓட்டலாமே?" இதைச் சொன்னவங்கள்ல என் மகனும் ஒருத்தன். வீடியோ பாத்துட்டு சென்னையில இருந்து கூப்பிட்டான். "அப்பா, அதான் மரியாதை பண்ணிட்டாங்களே, இதோட போதும்பா." ரெண்டாவது மாடிக்கு லிஃப்டுக்குக் காத்து நிக்கற பையன். ஒண்ணும் சொல்லல, வெச்சுட்டேன். இந்தக் கேள்வியை முப்பது வயசுக்காரன்கிட்ட யாரும் கேக்கறதில்ல. அவனுக்கு மட்டும் ஒலிம்பிக்ல இடம் ஒதுக்கி வெச்சிருக்கா? அவனும் எதுக்கு ஓட்டறானோ அதுக்குத்தான் நானும் ஓட்டறேன்.

அன்னிக்குப் போட்டியில, வழியில வர்ற அரவேணுவுக்குக் கொஞ்சம் முன்னாடி, மூடுபனி இறங்கி கண்ணாடி நனைஞ்சு ஒண்ணும் தெரியல. கழட்டி ஜெர்சிக்குள்ள செருகினேன். முன்னாடி ஒரு பையன், தோள் ரெண்டும் ஆடுது. தோள் ஆடினா கால்ல தெம்பு தீந்துருச்சுன்னு அர்த்தம். பக்கத்துல போனதும் திரும்பிப் பாத்தான், நரைச்ச தாடியைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு மிதிச்சான். நான் ஒரு கியர் ஏத்தினேன். அடுத்த வளைவுக்குள்ள அவன் மூச்சுச் சத்தம் எனக்குப் பின்னாடி போயிருச்சு. அந்தப் பையன் டைம் ஷீட்டுல இருக்கு. நல்ல டைம். நான் அவனுக்கு முன்னாடி வந்தேன்னு அந்த ஷீட்டு சொல்லாது.

மைக் பிடிச்ச தம்பியைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். அவருக்கு மலை இறங்கக் கத்துக் குடுத்தது நான். வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சிரு, வெளிப்பக்கக் கால் கீழ, வெயிட் அதுல, கண்ணு வளைவு முடியற இடத்துலன்னு கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி நின்னு சொல்லிக் குடுத்தேன். ஓட்டத்துக்குப் போனா அடிவாரம் வரைக்கும் எதிர்க்காத்துல என் சக்கரத்துக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு வருவாரு. அப்பல்லாம் 'அண்ணா, கொஞ்சம் மெதுவா'. மைக் கைக்கு வந்ததும் தாத்தா. தாத்தான்னு கூப்பிட்டதுல வருத்தமில்ல, எனக்குப் பேத்தி இருக்கா. ஆனா என் டைம் என்னன்னு மத்தவங்களைவிட அவருக்கு நல்லாத் தெரியும். ஷீட்டைப் பாத்தும் ஒரு வார்த்தை கேக்கல. போகட்டும்.

லைக்குக்காக எழுதறேன்னு ஒருத்தர் சொல்வீங்க. சொல்லிட்டுப் போங்க.

நடத்தினவங்களுக்கு: சிப்புல பதிவான டைம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. அஞ்சு வரியைச் சேத்து ஷீட்டைத் திரும்பப் போட டீ ஆறற நேரம் ஆகாது. அடுத்த வருஷம் பிரிவு வைக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

மத்தவங்களுக்கு: வர்ற புதன்கிழமை அரவேணுவுல இருந்து குஞ்சப்பனைக்கு இறங்கி, திரும்ப ஏறறேன். நல்லா விடிஞ்சப்புறம்தான் கிளம்பணும், யானை. மேல வீட்டம்மா நோட்டோட நிப்பாங்க, வர்ற எல்லாருக்கும் நேரம் எழுதுவாங்க. அந்தத் தம்பியும் வரலாம். ஆனா யாருக்காகவும் வழியில நிக்க மாட்டேன்.