குழாய்த் தண்ணீரில் கம்பி விட்டால் வரும் கறுப்பு, அழுக்கு அல்ல

இரண்டு டம்ளர்: ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது கரைந்த உப்பை வடிகட்டி எடுக்கும் சுத்திகரிப்புக் கருவியில் வந்த தண்ணீர். கம்பிகள் உள்ள கருவியை விட்டு மின்சாரம் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, கசடு மிதக்கிறது. "இந்த விஷத்தைத்தான் குடிக்கிறீர்கள்" என்று பரவும் வீடியோ தவறானது.

அந்தக் கசடு கம்பியிலிருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருப்பதால் அதில் மின்சாரம் பாயும். பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கறுக்கும்!

தண்ணீரில் விட்டதும் ஒரு எண்ணைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு.

சரி, அப்படியானால் எல்லாக் குழாய்த் தண்ணீரும் நல்லதா? அப்படிச் சொல்லவில்லை. உடைந்த குழாயில் சாக்கடை கலந்தால் வரும் கிருமியை இந்தக் கம்பியும் மீட்டரும் காட்டவே காட்டாது. எனக்குக் கவலை அதுதான். கலங்கலோ நாற்றமோ இருந்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.